பேரிடர்கள் பெருகுகின்றன, சாவு குறைகிறது என்கிறார்கள்: பாலாற்றுப் படுகையில் நாம் எங்கே நிற்கிறோம்?

காட்பாடி கணக்காசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 1970 முதல் 2019 வரையிலான ஐம்பது ஆண்டுக் கணக்கை உலக வானிலை அமைப்பு தொகுத்திருக்கிறது. புயல், வெள்ளம், வறட்சி, வெப்ப அலை என வானிலையும் நீரும் சார்ந்த பேரிடர்கள் மட்டும் பதினோராயிரத்துக்கு மேல். இறந்தவர்கள் இருபது லட்சம் பேர். பொருள் இழப்பு 3.64 லட்சம் கோடி டாலர். இந்தக் காலத்தில் பேரிடர்களின் எண்ணிக்கை ஐந்து மடங்காகியிருக்கிறது. சாவோ இறங்கியிருக்கிறது. 1970களில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். 2010களில் அது இருபதாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது.

எப்படி இறங்கியது என்பது கடலோரங்களில் தெளிவாகத் தெரிகிறது. 1970 நவம்பரில் போலா புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொன்றது. அதே கடற்கரையில் 1991 புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள். 2007இல் சிதர் புயலில் ஏறத்தாழ 3,400 பேர். ஒடிசாவில் 1999 சூப்பர் புயல் பத்தாயிரம் பேர் அளவில் பலிகொண்டது. 2019இல் ஃபானி வந்தபோது பன்னிரண்டு லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். அங்கே இறந்தவர்கள் 64 பேர். கடலும் காற்றும் மாறவில்லை. எச்சரிக்கை வந்தது, புகலிடம் வந்தது, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் தன்னார்வலர்கள் வந்தார்கள்.

என் கேள்வி நம்மைப் பற்றியது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் பழைய வடார்க்காட்டில் கடல் இல்லை. அதனால் நமக்கு ஆபத்தும் இல்லை என்ற எண்ணம் இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. 2021 நவம்பர் 19 அன்று பேர்ணாம்பட்டில் விடாத மழையில் ஒரு வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் குழந்தைகள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள். ஐவர் குழந்தைகள்.

உலகக் கணக்குகள் பலவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக ஆய்வு மையம் பராமரிக்கும் தரவுத்தளம். அதில் ஒரு நிகழ்வு ஏற வேண்டுமானால் பத்துப் பேராவது இறந்திருக்க வேண்டும், அல்லது நூறு பேராவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நெருக்கடி நிலையோ வெளிநாட்டு உதவிக் கோரிக்கையோ இருக்க வேண்டும். ஒன்பதும் ஏழும் தனித்து நின்றால் அந்த வாசலைத் தாண்டாது. பெரிய புயலின் மொத்தத் தொகைக்குள் கரைந்துதான் உள்ளே போகும். உலகத்தில் சாவு குறைந்தது என்ற கணக்கில் நம் ஊர்ச் சாவு இருக்கிறதா என்பதைப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

பொன்னைக்கரைக் கழனிக்காரர்

டீச்சர் அம்மா, எங்களுக்கு ஆபத்து வானத்திலிருந்து வருவதைவிட வடக்கேயிருந்து வருவதுதான் அதிகம். சித்தூர்ப் பக்கம் மழை கொட்டினால் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் கலவகுண்டா அணை நிரம்பும். திறந்துவிட்டால் பொன்னையாறு சீறிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் வெள்ளம் வரும் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். 2021 மழைக்காலத்தில் அப்படி வந்த நீர் கரும்பையும் நெல்லையும் மணலால் மூடிவிட்டுப் போனது. அந்த டிசம்பரில் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு சென்னை மார்க்கத்து ரயில்களையே நிறுத்தினார்கள். அத்தனை பெரிய கல் தூணுக்கு அந்தக் கதி என்றால் கரையோரத்து மோட்டார் கொட்டகைக்கு என்ன மிஞ்சும்?

நீர் திறக்கப்படுகிறது என்ற செய்தி ஆட்சியர் அலுவலகம் வரை வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஆற்றுக்குள் மாடு ஓட்டிப் போனவனுக்கும், தரைப்பாலத்தில் இருசக்கர வண்டியில் வருகிறவனுக்கும் அது எட்டுவதில்லை. நம் மாவட்டத்தில் வெள்ளத்தில் சாகிறவர்களில் தரைப்பாலத்தைக் கடக்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கூட்டிப் பார்த்திருக்கிறார்களா?

ஆரணி வாசகன்

ஐந்து மடங்கு என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெல்ஜியத் தரவுத்தளம் தொடங்கியதே 1988இல்தான். அதற்கு முந்தைய பதிவுகள் பின்னோக்கிச் சேகரித்தவை. 1972இல் ஆப்பிரிக்காவில் ஒரு கிராமம் வெள்ளத்தில் போயிருந்தால் யார் எழுதிவைத்திருப்பார்கள்? இன்றைக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது, எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. மக்கள்தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. முன்பு ஆள் இல்லாத பள்ளத்தில் இன்று நகர் இருக்கிறது. எண்ணிக்கை ஏறியதில் பெரும்பங்கு எண்ணுகிறவர்கள் ஏறியதால்தான். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, இந்த வடார்க்காட்டில் ஊர் ஊராகச் செத்தார்கள். அப்போது யாரும் பருவநிலை மாற்றம் என்று சொல்லவில்லை.

காட்பாடி கணக்காசிரியை

@ஆரணி வாசகன், பதிவு கூடியதால் எண்ணிக்கை கூடியது என்பது உண்மை. அந்தத் துறையில் இருப்பவர்களும் அதை மறைப்பதில்லை. அதனால்தான் பேரிடர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பருவநிலையைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. வெப்பமானியும் மழைமானியும் சொல்வதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் வெளியிட்ட அறிக்கை அதைத்தான் செய்தது. தொழிற்புரட்சிக்கு முன் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், உலகம் ஒரு டிகிரி சூடான நிலையில் 2.8 முறை வருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை பெய்த கனமழை 1.3 முறை பெய்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை கொட்டும்போது அத்தனையும் சேர்ந்து கொட்டுகிறது. கைபேசி வந்ததால் நீராவி கூடவில்லை.

பஞ்சத்தைப் பற்றி நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. மழை பொய்த்தது இயற்கை. மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது தானியம் கப்பலேறியது ஆட்சியின் செயல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாவு குறைந்தது என்பது வானிலை சார்ந்த பேரிடர்களுக்கு மட்டும் பொருந்தும். நிலநடுக்கத்தையும் சேர்த்து ஐ.நா.வின் பேரிடர் குறைப்பு அலுவலகம் போட்ட கணக்கில் 1980 முதல் 1999 வரை 4,212 பேரிடர்கள், 11.9 லட்சம் சாவு. 2000 முதல் 2019 வரை 7,348 பேரிடர்கள், 12.3 லட்சம் சாவு. 2004 சுனாமியும் 2010 ஹெய்தி நிலநடுக்கமும் அந்த இறக்கத்தை விழுங்கிவிட்டன.

குடியாத்தம் முன்னாள் வி.ஏ.ஓ.

பிள்ளைகள் இருவரும் நன்றாகவே வாதிடுகிறீர்கள். கடல் இல்லாததால் ஆபத்தில்லை என்ற நினைப்பு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. 1903 நவம்பரில் மைசூர்ச் சமஸ்தானத்துப் பக்கம் பேத்தமங்கலம் ஏரி உடைந்து, பாலாறு நள்ளிரவில் வாணியம்பாடிக்குள் புகுந்தது. இருநூறு பேர் அளவில் மாண்டார்கள். நினைவுத் தூண் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. பொன்னைக்காரர் சொன்ன அதே கதைதான், வேறு மாநிலத்து நீர், இருட்டில் வந்த நீர்.

பாலாறு தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆண்டில் பெரும்பாலும் வெறும் மணல். வறண்டு கிடக்கிற ஆறுதான் மனிதனை ஏமாற்றும். ஆற்றுக்குள் வீடு கட்டுவான், சாகுபடி செய்வான், குப்பை கொட்டுவான். பத்துப் பதினைந்து ஆண்டு தண்ணீர் வராமல் இருந்தால் அது பட்டா நிலம் மாதிரியே ஆகிவிடும். நான் பணியில் இருந்தபோது அடங்கல் என்ற கிராம நிலப் பதிவேட்டில் நீர்நிலை என்று எழுதியிருந்த இடத்தில் தெருவிளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன். 2021இல் மோர்தானா அணை வழிந்து கவுண்டன்யா ஆறு குடியாத்தத்தில் தன் பழைய அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பாலாற்றில் விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைந்தது. வேலூர் நகரில் நிக்கல்சன் கால்வாயோரம் கன்சால்பேட்டையில் எத்தனை மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள்.

ஏரிகளைப் பற்றி ஒரு சொல். பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குக் கால்வாய் போகிறது. வெள்ளத்தை வாங்கி வைத்து வறட்சியில் கொடுப்பதற்காக முன்னோர் செய்த ஏற்பாடு. கால்வாய் தூர்ந்தால் ஒரே ஆண்டில் வெள்ளமும் வறட்சியும் இரண்டும் வரும்.

ஒசாகாவிலிருந்து ஆற்காட்டான்

ஐயா சொன்ன வாணியம்பாடித் தூண் பற்றிப் படித்தவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் அனேயோஷி என்றொரு சிற்றூர். பழைய சுனாமியில் அழிந்த பின், இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று மேட்டில் ஒரு கல் நட்டார்கள். ஊரார் கேட்டார்கள். 2011 மார்ச் சுனாமி அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது, வீடுகள் தப்பின. அதே நாளில் அந்தக் கரையோரத்தில் இறந்தும் காணாமலும் போனவர்கள் பதினெட்டாயிரத்துக்கு மேல்.

வாணியம்பாடித் தூண் இறந்தவர்களை நினைக்கச் சொல்கிறது. நீர் எதுவரை வந்தது என்று 1903க்கும் 2021க்கும் கோடு போட்டு ஊர் ஊராகச் சுவரில் எழுதிவைத்தால் என்ன? அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. பெயிண்ட் போதும்.

பணக்கார நாடு என்பதால் மட்டும் உயிர் தப்புவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் ஜெர்மனியில் வெள்ளம் வரும் என்று ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு நாள்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. ஆனாலும் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் பலருக்குச் செய்தி வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை.

ஆம்பூர் கட்டடப் பொறியாளர்

நான் சுவரைப் பற்றிப் பேசுகிறேன், அதுதான் என் தொழில். பேர்ணாம்பட்டு வீட்டை நான் ஆய்வு செய்யவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் பழைய வீடுகள் பல மண்சாந்தில் கட்டிய கல்சுவர் அல்லது செங்கல் சுவர். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருப்பதால் உள்ளே மண் இருப்பது தெரியாது. இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் அடிச்சுவர் நீரை உறிஞ்சும், மண்சாந்து இளகும், மேல்பாரம் தாங்காது. பெரும்பாலும் மழை விட்ட பிறகுதான் விழும். வெயில் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்து படுப்பார்கள். சுவரின் அடியில் உப்பு பூத்திருந்தால், நடுவில் வயிறு தள்ளியிருந்தால், மூலையில் புதிய விரிசல் விட்டிருந்தால், அந்தச் சுவரோரம் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். இதைச் சொல்லப் பொறியாளர் வேண்டியதில்லை, ஊரில் இருக்கிற எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

2021 நவம்பர் 29 அதிகாலையில் நம் மாவட்டத்தில் 3.6 அளவுக்கு நில அதிர்வு பதிவானது. டிசம்பரில் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் மறுபடியும் அதிர்ந்தது. பாத்திரம் உருண்டது, அவ்வளவுதான். ஆனால் மகாராஷ்டிரத்து லாத்தூரை நினைத்துப் பாருங்கள். 1993 செப்டம்பர் 30, நிலநடுக்க ஆபத்து மிகக் குறைவு என்று வரைபடத்தில் குறித்திருந்த இடம். பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள், மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவருக்கு அடியில். 2002இல் திருத்திய வரைபடத்தில் வேலூர் மூன்றாம் மண்டலம், மிதமான ஆபத்து.

2010ஆம் ஆண்டு இதற்குப் பெரிய பாடம். ஜனவரியில் ஹெய்தியில் 7.0 அளவு நிலநடுக்கம், சாவு இரண்டு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். பிப்ரவரியில் சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றல் ஐந்நூறு மடங்கு அதிகம். இறந்தவர்கள் ஏறத்தாழ 525 பேர். சிலியில் கட்டட விதிகள் கடுமை, அவற்றைச் செயல்படுத்தவும் செய்கிறார்கள். நம் வீடுகளுக்கு வேண்டியது, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நான்கு பக்கமும் சுற்றிவரும் ஒரு கான்கிரீட் பட்டை, மூலைகளில் கம்பி. சிறிய வீட்டுக்கு இதற்கு ஆகும் கூடுதல் செலவு வாசல் கிரானைட்டுக்கு ஆகும் செலவுகூட வராது. கிரானைட் வேண்டும் என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் பட்டையைக் கேட்பதில்லை. இது என்னை நெடுநாளாக வருத்துகிற விஷயம்.

சத்துவாச்சாரி செவிலியர்

வெள்ளத்தையும் நிலநடுக்கத்தையும் பேசுகிறீர்கள். இந்த ஊரில் ஆண்டுதோறும் தவறாமல் வருவது கத்திரி வெயில். கடலிலிருந்து தள்ளியிருக்கிறோம், கடற்காற்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுற்றிலும் பாறைக் குன்றுகள், பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விடுகின்றன. சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே படுக்கிற முதியவருக்கு இரவிலும் உடம்பு ஆறுவதில்லை. மூன்றாம் நாள் மயங்கி விழுவார். இறந்தால் இதயச் செயலிழப்பு என்று எழுதப்படும். வெயிலின் பெயர் எங்கும் வராது.

ஐரோப்பாவில் 2003 கோடையில் எழுபதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்று எப்படித் தெரிந்தது? வழக்கமாக அந்த மாதங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், அந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்த்தார்கள். அகமதாபாத்திலும் 2010 மே மாதத்தை அப்படிக் கழித்துப் பார்த்தபோது 1,344 கூடுதல் சாவுகள் வெளிப்பட்டன. அதன் பிறகுதான் 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தார்கள். முந்தைய நாளே எச்சரிக்கை, வேலை நேர மாற்றம், தண்ணீர்ப் பந்தல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல், ஏழை வீட்டுக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. டீச்சர் அம்மா, உங்கள் கழித்தல் கணக்கு வேலூருக்குத்தான் முதலில் தேவை.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றும் ஆணையிட்டது. நல்ல செயல். ஆனால் சாவு வெயிலால்தான் என்று மருத்துவர் எழுதினால்தானே அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும்? செங்கல் சூளையிலும் தோல் பதனிடும் கொட்டகையிலும் வேலை செய்கிறவர் மயங்கினால், குழப்பமாகப் பேசினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் நிழலுக்கு இழுத்து உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்கு அழையுங்கள். வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், நினைவில்லாதவருக்குப் புரையேறும். அழைத்துவரும்போது எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆரணி வாசகன்

செவிலியர் அக்கா சொன்னதில் என் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. புயலை அதிகமாக எண்ணுகிறோம், வெயிலை எண்ணவே இல்லை. அதே வரிசையில் இடியையும் சேருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். ஒவ்வொருவராக, ஒவ்வொரு வயலில். புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம் தாமினி என்ற செயலியை வைத்திருக்கிறது, எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற யார் கையிலும் அதை நான் பார்க்கவில்லை.

ஆனால் டாலர் கணக்கில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இழப்பு ஏறியதற்கு மழையைவிட விலையுயர்ந்த கட்டடங்கள் பெருகியதுதான் காரணம் இல்லையா?

பொன்னைக்கரைக் கழனிக்காரர்

தம்பி, அந்தச் சந்தேகம் சரியானது. அதைத் திருப்பியும் பாருங்கள். ஜெர்மனி வெள்ளத்தில் இழப்பு முப்பது பில்லியன் யூரோவுக்கு மேல் என்கிறார்கள். 2022இல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கும் சேதமும் வருமான இழப்பும் சேர்த்து முப்பது பில்லியன் டாலர் அளவில்தான் மதிப்பிட்டார்கள். ஒரே தொகைக்குள் ஒரு பக்கம் சில பள்ளத்தாக்குகள், மறுபக்கம் ஒரு நாட்டின் ஏழில் ஒரு பங்கு மக்கள். எங்களிடம் இருப்பது இரண்டு மாடு, ஒரு மோட்டார், அறுவடைக்கு நின்ற பயிர். அது போனால் உலகக் கணக்கில் ஒன்றும் அசையாது. எங்கள் வீட்டில் பெண்ணின் படிப்பு நின்றுவிடும். கிணற்றில் சேர்ந்த மணலை அள்ள வாங்கிய கடன், அடுத்த வெள்ளம் வரும்போதும் பாக்கி நிற்கும்.

குடியாத்தம் முன்னாள் வி.ஏ.ஓ.

பேச்சு இங்கேயே நின்றுவிடக் கூடாது. மீட்புக்குப் படை இல்லாத ஊர் அல்ல நம்முடையது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்துதான் பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். படை வந்து சேருவதற்கு முன்னால் விழுகிற சுவருக்கு என்ன செய்யலாம் என்பதுதான் நம் வேலை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குள் ஒவ்வோர் ஊரிலும் மூன்று பட்டியல் தயார் செய்யலாம். பொறியாளர் சொன்ன அடையாளம் உள்ள சுவர்கள், தெருவாரியாக. தண்ணீர் ஏறும் தரைப்பாலங்கள், அங்கே கயிறு கட்டி நிற்க ஒப்புக்கொள்பவர் பெயரோடு. ஷீட் கூரையில் தனியே வாழும் முதியவர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் இரண்டு பட்டியலும், பங்குனி பிறப்பதற்கு முன் மூன்றாவதும் கையில் இருக்க வேண்டும். சுவர் ஆபத்து என்று வீட்டுக்காரரிடம் சொல்லும்போது வெளியேறு என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பள்ளிக்கூடம், சாவி யாரிடம், ஆட்டை எங்கே கட்டுவது என்று சொன்னால்தான் கிளம்புவார்கள்.

காட்பாடி கணக்காசிரியை

ஐயா, எங்கள் பள்ளி மாணவர்கள் இரண்டு வார்டுகளுக்கு இந்தப் பட்டியலை எடுக்கத் தயார். செவிலியர் அம்மா சொன்ன கழித்தல் கணக்குக்கு மாநகராட்சியின் மாதவாரி இறப்புப் பதிவு வேண்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கையும் வயதும் போதும். எப்படிக் கேட்பது?

குடியாத்தம் முன்னாள் வி.ஏ.ஓ.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை. பத்தாண்டுக்கு ஏப்ரல், மே, ஜூன் மாதங்களை மட்டும் கேளுங்கள், எல்லா மாதமும் கேட்டால் தாமதமாகும். சுவர்ப் பட்டியலைக் கிராம சபையில் வாயால் வாசித்தால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் தெருப் பெயரோடு ஏற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்று வட்டாட்சியருக்கு, ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, இரண்டும் சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில். மழைக்காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077இல் அழைக்கும்போது தீர்மான எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.